எண்ணெய்க்காரனின் வேகம்

"மேற்படி பிலோமினாள் என்பவர் கணவனால் கைவிடப்பட்டு, ஆதரவு ஏதுமின்றித் தனித்து வாழ்ந்து வருகிறார் என விசாரணையில் தெரிய வருகிறது."

முத்திரையும் பச்சை மைக் கையெழுத்தும் உள்ள சான்று இது. இதில் 'வாழ்ந்து வருகிறார்' என்பது மட்டும் உண்மை. கைவிட்டவர் பிலோமினாள்தான். ஆபேல் என்ற அந்தக் கணவரின் சட்டை, கைலிகளை இஸ்திரி போட்டு மடித்து, பல் துலக்கும் பிரஷ் முதற்கொண்டு மறக்காமல் சூட்கேஸில் வைத்து, சூட்கேஸை வாசலுக்கு வெளியே வைத்துக் கதவைச் சாத்தியவர் அவர். கணவனைத் துரத்திய பெண்களுக்கென்று விண்ணப்பத்தில் கட்டம் இல்லை. விதவை, விவாகரத்தானவர், கைவிடப்பட்டவர், இவ்வளவுதான். ஆபேல் திடகாத்திரமாக உயிரோடு இருந்தார். மாதா கோயிலில் நடந்த கல்யாணம் விவாகரத்தில் முடிந்தது என்று சொன்னால் பங்குச் சாமியாருக்குக் காய்ச்சல் வந்துவிடும். ஆகவே மிச்சமிருந்த கட்டத்தில் டிக் அடித்தார்.

ஆதரவு ஏதுமின்றி என்பது இன்னும் வேடிக்கை. ஜமுனாமரத்தூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் அவருடைய கடையின் ஆதரவில்தான் ஜவ்வாது மலையில் பாதிப் பேருக்குச் சாதிச் சான்றும் பட்டா மாற்றமும் ஆதார் திருத்தமும் நடக்கின்றன. ஜெராக்ஸும் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் உபதொழில். அந்தச் சான்றை அவர் ஒளித்து வைத்ததும் இல்லை. லேமினேஷன் எப்படி வரும் என்று கேட்பவர்களுக்கு மாதிரி காட்டுவதற்காகச் சுவரில் மாட்டியிருக்கிறார்.

எதிர்ச் சுவரில் இன்னொரு வாசகம்: "இங்கு கேம் விளையாடக் கூடாது. விளையாடலாமா என்று கேட்கவும் கூடாது."

இந்த இரண்டு சுவர்களுக்கும் நடுவில், போன ஆடி மாதம் ஒரு சந்தை நாளில், பிலோமினாள் லேப்டாப்பில் கேம் விளையாடிக்கொண்டிருந்தார். நாங்கள் பார்த்தோம். புளி மூட்டையோடு வந்தவர்கள் மூட்டையை இறக்கி வைக்க மறந்து நின்றார்கள். சாமியார் சாராயக் கடையில் உட்கார்ந்திருந்தால்கூட ஊர் ஒரு காரணம் கண்டுபிடித்திருக்கும். இதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

காரணம் கண்ணமங்கலத்தில் இருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் பிலோமினாளும் ஆபேலும் அங்கே கடைத்தெரு மாடி ஒன்றில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தினார்கள். பெண் வீட்டார் ஆர்.சி. கத்தோலிக்கர், மாப்பிள்ளை வீட்டார் சி.எஸ்.ஐ. சபை. கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் பூசைக்கு வர மறுத்து, சாப்பாட்டுக்குச் சரியான நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். சென்டரில் மூன்று கம்ப்யூட்டர்கள். இரண்டு அடிக்கடி படுத்துக்கொள்ளும். ஓடுகிற ஒன்றின் முன்னால் ஆபேல் உட்கார்ந்திருப்பார். பாடம் நடத்துவது பிலோமினாள், நிர்வாகம் ஆபேல். நிர்வாகம் என்பதற்கு அவர் கண்ட பொருள், வேலூரிலிருந்து யாரோ ஃப்ளாப்பியில் கொண்டுவந்து கொடுத்த, விண்டோஸுக்கு முந்தைய டாஸ் (DOS) காலத்து விளையாட்டு ஒன்று.

அதன் ஆங்கிலப் பெயர் யாருக்கும் நினைவில்லை. மாணவர்கள் எண்ணெய்க்காரன் என்றார்கள். தொப்பி போட்ட குட்டி ஆள் ஒருவன் எண்ணெய்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கலங்கரை விளக்கத்தின் ஒவ்வொரு மாடியாக ஏற வேண்டும். எலி கடிக்கும், வௌவால் மோதும், படி உடையும். கப்பல் பாறையில் மோதுவதற்குள் உச்சிக்குப் போய் விளக்கேற்ற வேண்டும். கப்பல் வர இன்னும் அரை மணி நேரம் என்று திரையின் மூலையில் ஒரு கடிகாரம் காட்டும். அந்த அரை மணி நேரம் கண்ணமங்கலத்தில் ஒரு முழுக் காலைப் பொழுது ஓடும். கடலைப் பார்த்திராத ஊர் அது. கடலில் நேரம் அப்படித்தான் போகும் போலிருக்கிறது என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள்.

பாதியில் நிறுத்திவிட்டுப் பிறகு தொடரும் வசதி அந்த விளையாட்டில் கிடையாது. செத்தாலும் சரி, கரண்ட் போனாலும் சரி, தரைத் தளத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அந்தக் காலத்துக் கண்ணமங்கலத்தில் கரண்ட் ஒரு முழுக் காலைப் பொழுது தொடர்ந்து இருந்ததாகச் சரித்திரம் இல்லை. ஆபேல் எட்டாம் மாடியில் இருக்கும்போது விசிறி நிற்கும், திரை இருட்டும். கரண்ட் வந்ததும் மறுபடி கீழேயிருந்து ஏறுவார். மாணவர்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து, கம்ப்யூட்டர் காலியாவதற்காகக் காத்திருப்பார்கள். "இரு பிலோ, இந்த ஒரு மாடி" என்பார் ஆபேல். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த ஒரு மாடி நடந்துகொண்டிருந்தது. உச்சியை அவர் ஒருமுறையும் பார்த்ததில்லை. மாணவர்கள் ஒவ்வொருவராக வேறு சென்டருக்குப் போனார்கள். கடைசி மாணவி போன அன்று பிலோமினாள் சொன்னது: "நீ ஏறுனது போதும். எறங்கு."

சூட்கேஸ் கதை அதற்கு மறுநாள். சொந்தக்காரர்கள் சும்மா எட்டிப் பார்க்க வர முடியாத இடம் வேண்டுமென்று அவர் மலையேறி வந்தார். கம்ப்யூட்டரால் கெட்ட குடும்பத்துப் பெண் பிழைக்கத் தேர்ந்தெடுத்தது கம்ப்யூட்டர் கடை. இதிலுள்ள முரண்பாட்டை எடுத்துச் சொன்னவர்களிடம், "கெடுத்தது மெஷின் இல்லீங்க, அதும் முன்னால குந்தினு இருந்த ஆளு" என்பார்.

இத்தனை வருஷம் கழித்து, ஆனி மாதச் சந்தை நாள் ஒன்றில், ரெபேக்கா வந்து கவுண்ட்டரில் நின்றார். ஆபேலின் தங்கை. கண்ணமங்கலத்தில் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருப்பவர். துரத்தப்பட்ட அண்ணன் இன்றுவரை அவர் வீட்டில்தான்.

"நல்லா கீறீங்களா அண்ணி?"

"இன்னா விஷயம் சொல்லு. க்யூ நிக்குது."

விஷயம் இதுதான். தை மாதம் ஆபேலுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போய்விட்டது. பேச்சு வரும் என்கிறார் டாக்டர். ஆனால் ஆபேல் பேசவில்லை. சோறு ஊட்டினால் தின்கிறார், மற்ற நேரமெல்லாம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். ஏதாவது ஒன்றில் மனசு போனால்தான் மீளுவார், இப்படியே விட்டால் இப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். டிவி வைத்துப் பார்த்தாயிற்று. பாஸ்டரை அழைத்து ஜெபம் பண்ணிப் பார்த்தாயிற்று.

"ஒண்ணே ஒண்ணு பண்ணுது அண்ணி. இடது கையால கட்டிலு சட்டத்துல இப்பிடித் தட்டினே கீது. நர்சம்மா நடுக்கம்னு சொல்லி மாத்திர குடுத்தாங்க." ரெபேக்கா கவுண்ட்டர் மேல் தட்டிக் காட்டினார். இரண்டு தட்டு. நீண்ட இடைவெளி. பக்கத்து விரலால் ஒரு தட்டு, பெருவிரலால் ஓங்கி ஒன்று.

பிலோமினாள் அந்த விரல்களையே பார்த்தார். "இன்னொரு வாட்டி தட்டு."

ரெபேக்கா தட்டினார்.

"இது நடுக்கம் இல்ல. மூணாம் மாடி. ரெண்டு படி ஏறணும், எலி தாண்டுற வரிக்கும் நிக்கணும், அப்பறம் தாவணும்."

நாத்தனார் வாயைப் பிளந்து நின்றார். "நீங்க ஒரு நாளும் அத்த ஆடுனதே இல்லியே அண்ணி."

"பக்கத்து ரூம்ல குந்தி அந்தச் சத்தத்தக் கேட்டவ நானு. எந்த மாடியில கீபோர்டுல எந்தக் கட்டைய அமுக்குவான்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்."

ரெபேக்கா பையிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துத் திறந்தார். உள்ளே அந்த ஃப்ளாப்பி, பூஞ்சை பிடித்து. "இது ஓடணும் அண்ணி. செல்போன் கடையில கேட்டா சிரிக்கிறானுங்க."

"என் குடிய கெடுத்தத நானே ஓட வெக்கணுமா?"

"அண்ணனுக்காக வோணாம். எனக்காக. செவுத்தையே பாத்துக்கினு கீற மனுசன வூட்ல வெச்சினு என்னால துணி தெக்க முடியல."

பிலோமினாள் டின்னை வாங்கி மேஜை டிராயரில் போட்டார். "போய்ட்டு வா. சொல்றேன்."

முதல் சிக்கல், இன்றைய லேப்டாப்பில் ஃப்ளாப்பியை நுழைக்க வாயே இல்லை. பட்டா மாற்றத்துக்காக மாதக்கணக்கில் கடைக்கு வந்து போகும் அம்மாக்கண்ணு, பக்கத்துக் கிராமத்தில் சாமை போடுகிற அம்மாள், அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இன்னா டீச்சரு இது, கண்ணாடி டப்பாவா?" என்றார். வெளியே செருகும் ஃப்ளாப்பி டிரைவ் ஒன்று ஆன்லைனில் கிடைத்தது. கூரியர் போளூர்வரைதான் வரும். அங்கிருந்து பஸ் கண்டக்டர் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். பூஞ்சையைப் பஞ்சால் துடைத்து உள்ளே தள்ளியபோது டிரைவ் தொண்டையைச் செருமியது. பலமுறை செருமிய பிறகு கோப்புகள் முழுதாக லேப்டாப்புக்கு வந்தன. இந்தக் காலத்து ஒரு போட்டோவின் அளவுகூட இல்லை.

இரண்டாவது சிக்கல், அதைத் திறந்தால் விண்டோஸ் ஓட்ட மாட்டேன் என்றது. இந்த ஆப் உங்கள் கம்ப்யூட்டருக்கானது அல்ல என்று மரியாதையாக ஒரு கட்டம் வந்தது.

"சர்வர் டவுனா?" என்றார் அம்மாக்கண்ணு. அந்தக் கடையில் எது நடக்காவிட்டாலும் காரணம் அதுதான் என்று அவர் கற்றிருந்தார்.

"இல்ல. இது டாஸ் காலத்துது. இந்த மெஷினுக்கு அந்தப் பாஷை மறந்துபோச்சி."

அதற்கும் வழி இருந்தது. டாஸ்பாக்ஸ் என்று இலவச மென்பொருள் ஒன்று. புதிய கம்ப்யூட்டருக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டர் மாதிரி நடிப்பதே அதன் வேலை. கறுப்புத் திரை வந்தது. இந்த ஃபோல்டர்தான் உன் சி டிரைவ் என்று அதற்குச் சொல்லும் கட்டளையை அடித்ததும், மிச்சக் கட்டளைகளைப் பிலோமினாளின் விரல்கள் அவரைக் கேட்காமலே அடித்தன. பீப் என்று ஒரு சத்தம். கலங்கரை விளக்கம் வந்தது, தொப்பிக்காரன் வந்தான், ஒரு கட்டையை அமுக்கினார். செத்துவிட்டான்.

"எங்க செத்தான்?" என்றார் அம்மாக்கண்ணு.

"பாத்திருந்தா சொல்ல மாட்டனா?"

மூன்றாவது சிக்கல் அதுதான். விளையாட்டு மின்னல் வேகத்தில் ஓடியது. மெஷின் எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகத்தில் ஓடும்படி எழுதப்பட்ட விளையாட்டு அது. எழுதியவர் பாவம், மெஷின்கள் இந்த அளவுக்கு வளரும் என்று நினைக்கவில்லை. நடிக்கும் அந்தப் பழைய கம்ப்யூட்டரின் வேகத்தை இரண்டு கட்டைகளால் கூட்டலாம், குறைக்கலாம். எவ்வளவு குறைப்பது? பிலோமினாள் விடைத்தாள் திருத்திய மனுஷி. திரையின் மூலையிலிருந்த கடிகாரத்தையும் சுவர்க் கடிகாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்து, இரண்டும் ஒன்றாக நகரும்வரை வேகத்தைக் குறைத்தார். அங்கே ஒரு நிமிடம் என்றால் இங்கேயும் ஒரு நிமிடம். இதுதான் சரியான வேகம், சந்தேகமில்லை.

சரியாக ஓடுகிறதா என்று கடைசிவரை சோதிக்க வேண்டும் அல்லவா? அப்படித்தான் அவர் எங்களிடம் சொன்னார். சர்வர் டவுன் ஆகும்போதெல்லாம் சோதித்தார். ஆடி மாதத்தில் சர்வர் நிறைய டவுன் ஆயிற்று. நாங்கள் மூட்டையோடு நின்று பார்த்தது அந்தச் சோதனையைத்தான். கொஞ்ச நேரத்தில் க்யூ முழுவதும் கவுண்ட்டருக்கு உள்ளே வந்துவிட்டது.

"எலி வருது டீச்சரு, எலி."

"தெரியும், சும்மா கிட."

"வௌவாலுக்குக் குனியக் கூடாதா அந்தாளு?"

"குனிய மாட்டான். அவன் புத்தி அவ்ளோதான்."

ஆபேலின் விரல்கள் வருஷக்கணக்கில் பக்கத்து அறைக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் வீண் போகவில்லை. தொப்பிக்காரன் எட்டாம் மாடியைத் தாண்டினான், அடுத்ததைத் தாண்டினான், உச்சிக்கு வந்து சட்டியைக் கவிழ்த்தான். விளக்கு எரிந்தது. ஒரு குட்டிக் கப்பல் திரையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குச் சாவதானமாகப் போயிற்று. கூட்டத்தில் சிலர் கை தட்டினார்கள்.

பிலோமினாள் சிரிக்கவில்லை. எதிர்க்கடைக்குச் சொல்லியனுப்பிய டீ இன்னும் வந்து சேரவில்லை என்பதைக் கவனித்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அரை மணிகூட ஆகவில்லை. ஆபேலுக்கு இதில் எட்டு மாடி ஏறவே ஒரு காலைப் பொழுது போயிருக்கிறது.

வேகம் தப்பாக இருக்குமோ என்று இணையத்தில் தேடினார். அயல்நாட்டுக்காரர் யாரோ, பழைய விளையாட்டுப் பிரியர்களுக்கு விளக்கி எழுதியிருந்தார். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் பெட்டியின் முகப்பில் டர்போ என்று ஒரு பட்டன் இருக்குமாம். அதை அமுக்கினால்தான் மெஷின் அதன் முழு வேகத்தில் ஓடுமாம். அமுக்காமல் விட்டால் சில விளையாட்டுகள் நத்தை மாதிரி நகருமாம். ஆகவே அன்பர்கள் பட்டனைச் சரிபார்த்துக்கொள்ளவும்.

பிலோமினாளின் கை மவுஸை விட்டு விலகியது.

அந்தப் பட்டன் அவருக்குத் தெரியும். கண்ணமங்கலத்தில் எப்போதும் லோ வோல்டேஜ். பட்டனை அமுக்கினால் சிவப்பு விளக்கு எரியும். முதல் தடவை எரிந்தபோது, பக்கத்திலிருந்த ஸ்டெபிலைசர் டக் டக் என்று அடித்துக்கொண்டது. இது கரண்ட் குடிக்கிற பட்டன் என்று முடிவு செய்து, மறுபடி அமுக்கி விளக்கை அணைத்து, அதன் மேல் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியை ஒட்டி, 'தொடாதே' என்று பேனாவால் எழுதியவர் அவர்தான். ஆபேல் அதைத் தொடவில்லை. மனைவி சொல்லி அவர் கேட்ட விஷயம் அநேகமாக அது ஒன்றுதான்.

"இன்னா டீச்சரு, கரண்டு அடிச்ச மாரி குந்தினு கீற?" என்றார் அம்மாக்கண்ணு.

"அர மணி நேரந்தான் அம்மாக்கண்ணு."

"எது?"

"அந்த ஆட்டம். காலையில குந்துனான்னா ஒரு டீ குடிக்கிற நேரத்துல முடிச்சிட்டு எழுந்திருச்சிருப்பான். கரண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருக்கும். பசங்களுக்கு மெஷினு கெடச்சிருக்கும். நாந்தான் அத்த ஒட்டி வெச்சேன்."

அம்மாக்கண்ணு நிதானமாக யோசித்தார். "எழுந்திருச்சி இன்னா பண்ணியிருப்பாரு?"

பிலோமினாள் அடுத்த விண்ணப்பத்தை எடுத்தார். அன்று அவர் ஒருவருடைய போட்டோவை இன்னொருவருடைய விண்ணப்பத்தில் ஏற்றினார். கடை திறந்த நாளிலிருந்து அவர் செய்த முதல் தப்பு என்று அதையும் பேசிக்கொண்டோம்.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்ததும், லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினார். போளூரில் மாறி, சந்தவாசல் வழியாகக் கண்ணமங்கலம். ரெபேக்கா வீட்டில் ஆபேல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. துரத்தியவர் உள்ளே வந்தும் அவர் திரும்பவில்லை.

பிலோமினாள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு லேப்டாப்பை வைத்தார். "இந்தா ரெபேக்கா. நீ கேட்டது." விளையாட்டு ஓடத் தொடங்கியது, சரியான வேகத்தில்.

ஆபேல் பார்த்தார். ரெபேக்கா அவருடைய இடது கையை எடுத்துக் கட்டைகளின் மேல் வைத்தார். விரல்கள் அசைந்தன. ஆனால் விரல் அசைவதற்குள் எலி வந்துவிட்டது. மறுபடி ஆரம்பித்தார்கள். மறுபடி எலி. மூன்றாவது முறை எலி வருவதற்குக்கூட அவர் காத்திருக்கவில்லை. கையை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார்.

ரெபேக்கா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். "அவ்ளோதானா அண்ணி? இதுவும் இல்லன்னா வேற இன்னா கீது எங்கிட்ட?"

"இதுதான் ரைட்டு ஸ்பீடு ரெபேக்கா. கடியாரத்த வெச்சிப் பாத்தேன். அப்ப ஓடுனதுதான் தப்பு."

"அண்ணன் கண்டது அந்தத் தப்பத்தானே."

பிலோமினாள் கட்டைகளின் பக்கம் குனிந்தார். எந்த இழுவையைக் கேட்டுக் கேட்டு அவர் ஒரு குடும்பத்தை விட்டு வந்தாரோ, அதைத் தன் கையாலேயே திரும்பக் கொண்டுவர வேண்டும். வேகம் குறைக்கும் கட்டையை ஒரு தடவை அமுக்கினார். பிறகு அமுக்கிக்கொண்டே போனார். கடிகாரம் தளர்ந்தது. தொப்பிக்காரனின் காலடி ஓசை ட்டக், ட்டக் என்று விட்டுவிட்டுக் கேட்டது. மனப்பாடமாயிருந்த ஓசை வரும்வரை குறைத்தார். வந்தது.

திரையைப் பார்ப்பதற்கு முன்பே ஆபேலின் தலை திரும்பியது.

இடது கை தானாக வந்தது. முதல் மாடி. இரண்டாம் மாடி. மூன்றாம் மாடியில் இரண்டு தட்டு, இடைவெளி. எலி தன் வழியே போயிற்று. பக்கத்து விரல், பெருவிரல். தொப்பிக்காரன் தாவினான். ரெபேக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்.

ஐந்தாம் மாடியில் ஆபேலின் வாய் கோணிக்கொண்டு திறந்தது. "கரண்டு," என்றார். பிறகு மிகுந்த சிரமத்தோடு, "போவுமா?"

ஏழு மாதங்களில் அந்த வீடு கேட்ட அவருடைய முதல் சொற்கள் அவை. பிலோமினாள் ஒயர் எதுவும் செருகாத லேப்டாப்பின் பக்கத்தைத் தட்டிக் காட்டினார்.

"போவாது. பேட்டரியில ஓடுது." அப்புறம், அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அந்த டர்போ பட்டன்ல பிளாஸ்திரி ஒட்டுனேன் இல்ல, அதாலதான் அப்ப மெதுவா ஓடிச்சி. என் தப்புதான்."

ஆபேல் கேட்டாரா என்பது தெரியாது. அவர் ஆறாம் மாடியில் இருந்தார்.

பிலோமினாள் செய்தது இவ்வளவுதான்: ஓடாத ஒரு விளையாட்டை ஓட வைத்தார், அது சரியாக ஓடத் தொடங்கியதும் தப்பாக ஓட வைத்தார், லேப்டாப்பை அங்கேயே விட்டுவிட்டு மலைக்குத் திரும்பினார்.